தன் வாயால் ஐந்து நல்ல குணம்

தாருஸ்ஸலாம் துறைமுகத்துக்கு எதிரே எங்கள் ஓட்டல். வேல்ஸிலிருந்து வந்த கெரிஸ் டீச்சர் அதன் மொட்டை மாடியில், காய்கிற படுக்கை விரிப்புகளுக்கு நடுவே, எங்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். நாங்கள் பதினொரு பேரும் அறை பெருக்குகிறவர்கள். வெள்ளிக்கிழமை மேனேஜர் ஆங்கிலத்தில் பேசவைத்து, வரவேற்பு மேஜைக்கு ஒருத்தியை எடுக்கப்போகிறார். போட்டி எனக்கும் ஜுஹுராவுக்கும்தான். ஒன்பது வருஷம் கழிப்பறை தேய்த்தவள் நான். அந்த நாற்காலி எனக்கு வேண்டும். சொல்ல என்ன வெட்கம்?

"உன்னிடம் என்ன நல்ல குணம்?" என்று மேனேஜர் கட்டாயம் கேட்பாராம். ஆளுக்கு ஐந்து எழுதி வரச் சொன்னார் டீச்சர். எல்லோரும் தரையைப் பார்த்தோம். புரியவில்லையாக்கும் என்று, பாவம், மூன்று தடவை சொன்னார். புரியாமல் என்ன? நல்ல சரக்கு தானே விலைபோகும், கெட்ட சரக்குதான் தெருத்தெருவாக அலையும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இவர்கள் ஊரில் தங்களைத் தாங்களே புகழ்ந்துகொண்டா திரிவார்கள், கேட்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா? எனக்கு மண்டை குடைந்தது. கேட்டேவிட்டேன். டீச்சர் காதுவரை சிவந்து, அங்கேயும் கூச்சம்தான், வேலைக்காகச் சொல்லிவிடுவோம் என்றார்.

வீட்டில் எழுத உட்கார்ந்தேன். என் புருஷன் ஹமிஸி எட்டிப் பார்த்தார். "அடியே சௌமு, கல்யாணத் தரகருக்கா எழுதுறே? நீதான் எப்பவோ வெலபோன சரக்காச்சே."

காகிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் அதையேதான் கேட்டார். "என்னைப் பத்தி நானே எப்படிங்க சொல்றது? ஜுஹுராவைப் பத்தி வேணா சொல்றேன்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தவள் நிற்கவே இல்லை. விருந்தாளி பெயர் ஒன்றைக்கூட மறக்கமாட்டாள், கத்துகிறவனையும் சிரிக்கவைத்து அனுப்புவாள், கட்டிலடியில் கிடந்த தங்கச் சங்கிலியை அன்றே ஒப்படைத்தாள். அப்படியோர் ஆங்கிலம் என் வாயில் அதுவரை வந்ததில்லை.

அடுத்துப் போன ஜுஹுரா தன் ஐந்தையும் மனப்பாடமாக ஒப்பித்தாள். வேலை அவளுக்கே கிடைத்தது. "நீ சொன்னதை நம்பல. போட்டிக்கு வந்தவளே சொன்னா பாரு, அதைத்தான் நம்பினேன்" என்றாராம் மேனேஜர்.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை. ஜுஹுராவோடு நான் பேசவில்லை. கோபம் என்னவோ என் வாய்மேல்தான், ஆனால் வாயோடு எப்படிப் பேசாமல் இருப்பது?

செவ்வாய்க்கிழமை வகுப்பில், எழுதிய ஐந்தையும் படிக்கச் சொல்லி ஜுஹுராவை டீச்சர் எழுப்பினார். புதுச் சீருடையில் எழுந்தாள்.

"அதைப் படிக்க மாட்டேன் டீச்சர். வேற அஞ்சு இருக்கு, சௌமு அக்காவோடது. அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

மலேரியாவில் அவள் கிடந்தபோது அவளுடைய எட்டு அறைகளையும் நானே பெருக்கியதை முதலில் சொன்னாள். யாரிடமும் நான் மூச்சுவிடாததை அடுத்துச் சொன்னாள். அதற்குமேல் என்னால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. மேல்துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். எல்லாம் ஆங்கிலத்தில்தான் சொன்னாள். எனக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.