கைக்கெட்டும் தூரம்

ஈரத்துணியால் அப்பாவின் உதட்டை நனைத்துவிட்டு, மகள் கட்டிலின் இடது பக்கத்திலிருந்து எழுந்து மறுபடி அறை வாசலுக்கே போய் நின்றுகொண்டாள். காலையிலிருந்து அவருக்கு நினைவில்லை. மூச்சு மட்டும் தரையில் இழுபடும் சாக்கு மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது. வலது பக்க நாற்காலியில் இருந்த அவள் தம்பி, இப்போதாவது கிட்டே உட்காரக் கூடாதா என்று கேட்டான். அவள் அசையவில்லை.

வீம்புதான். ஆனால் அவளை மட்டும் சொல்லி என்ன ஆகப்போகிறது? அப்பா லைன்மேன். மின்கம்பத்தில் ஏறி, கைக்கெட்டும் தூரத்தில் எந்தக் கம்பி இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பிழைத்த மனிதர். அவள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போன நாளிலிருந்து அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. பக்கவாதம் என்று கேள்விப்பட்டு விழுந்தடித்துக்கொண்டு வந்தவளை, இந்த வாசலில் பார்த்ததும் கோணிய வாயால், "வந்துட்டியாம்மா?" என்றார். பாவி மனசு அப்படியே கரைந்துபோனது. ஓடிப்போய் இடது பக்கம் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தாள்.

அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சுவரைப் பார்த்து, "யார் கைடா இது? எடுக்கச் சொல்லு" என்றார் தம்பியிடம்.

அவளுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அப்புறமும் வாசலில் கண்டால் உள்ளே கூப்பிடுவார். போய் உட்கார்ந்தால் அவள் எங்கே என்று தம்பியைக் கேட்பார். கூப்பிட்டுக் கூப்பிட்டு அவமானப்படுத்துகிறார் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். பிறகு அவர் எத்தனை தரம் கூப்பிட்டும் அவள் உள்ளே போகவில்லை. வேளாவேளைக்குச் சோற்றைக் குழைய வடித்து, தம்பி கையில் கொடுத்தனுப்பினாள்.

மத்தியானம், கைகால் பயிற்சி கொடுக்க வரும் பெண் வந்தாள். அவரைப் பார்த்ததும் பையைத் திறக்கவே இல்லை. திரும்பிப் போகும்போது, ஏன் இங்கேயே நிற்கிறீர்கள் என்று மகளைக் கேட்டாள்.

"வாசல்ல நிக்கிற வரைக்கும்தாங்க நான் மக. கிட்டப் போனா அவருக்கு ஆகாது."

எந்தப் பக்கம் உட்கார்ந்தீர்கள் என்று கேட்டாள் அந்தப் பெண். இடது பக்கம் என்றதும் அவள் முகம் மாறிவிட்டது.

"உடம்பைச் சுத்தி கை எட்டுற இடத்துக்கு மூளை தனியா ஒரு கணக்கு வச்சிருக்குங்க. இவருக்கு அதுல இடது பக்கமே அழிஞ்சு போச்சு. தள்ளி நின்னா தெரிவீங்க. கிட்ட வந்து அங்க உட்கார்ந்தா, அவரைப் பொறுத்தவரை நீங்க அங்க இல்ல. தன்னோட கையவே யாருதுன்னு கேட்டிருப்பாரு."

இடது பக்கம் அவருக்குத் தெரியாது என்று தம்பியிடம் முன்பே சொல்லியிருக்கிறாளாம். அவன் அதைச் சாப்பாட்டுச் சமாச்சாரம் என்று நினைத்து, தட்டின் இடது பக்கம் பாதிச் சோறு மிஞ்சும்போதெல்லாம் தட்டைத் திருப்பி வைத்ததோடு சரி. இப்போது அவன் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மகள் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போனாள். தம்பி எழுந்து இடம் விட்டான். அவருடைய வலது கையை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு குனிந்தாள்.

"அப்பா, நான்தாம்பா. இந்தப் பக்கம் வந்துட்டேன்."

இமை அசையவில்லை. எத்தனை நேரம் சொல்லிக்கொண்டிருந்தாளோ, வெயில் சாயும் முன் மூச்சு நின்றது. கடைசிவரை அந்தக் கை அவள் கையைப் பிடிக்கவில்லை. ஐயோ, கூப்பிட்டபோதெல்லாம் போகாமல் இருந்துவிட்டேனே என்று அவள் வாய்விட்டு அழுதாள்.

சாயங்காலம் அவருடைய தங்கை வந்தாள். நேரே போய்க் கட்டிலின் இடது பக்கம் உட்கார்ந்து, அண்ணா அண்ணா என்று கதறினாள். மகள் எழுந்து வந்து அத்தையின் தோளைத் தொட்டாள்.

"அங்க வேணாம் அத்தை. அந்தப் பக்கம் உட்கார்ந்தா அப்பாவுக்குத் தெரியாது."

அத்தை ஒன்றும் புரியாமல் தம்பியைப் பார்த்தாள். அவன் நாற்காலியைத் தூக்கி வலது பக்கம் போட்டான்.