மாப்பிள்ளை கொட்டிய நத்தைகள்

“மாப்பிள்ளை, உப்புப் போத்தலோட எங்க கிளம்பிட்டீங்க?”

வடிவம்மாவின் குரலில் கோபம் இல்லை. ஆனாலும் பின்வாசல் படியில் கால் வைத்த ஜனகன் அப்படியே நின்றுவிட்டான்.

“நத்தை, அத்தை. கீரைப் பாத்தியில ஒரு இலை மிச்சமில்ல. மேல் வீட்டுல உப்புத்தான் தூவுறாங்களாம்.”

“அவங்க தூவட்டும். அவங்க வீட்டுல யாரும் முழுகாம இல்ல.”

அவ்வளவுதான் சொன்னாள். போத்தலை அவன் கையிலிருந்து வாங்கி அடுப்பருகே வைத்துவிட்டு, தேங்காய் துருவப் போய்விட்டாள்.

மனைவி பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது புருஷன் ஓர் உயிரையும் கொல்லக்கூடாது, முகம் மழிக்கக்கூடாது, பிணம் தூக்கக்கூடாது. மகளுக்குத் துணையாகக் கம்பளையிலிருந்து வந்து இறங்கிய அன்றே வடிவம்மா இதைச் சொல்லிவிட்டாள். ஜனகன் கண்டி மாநகர சபையில் கிளார்க். இந்த மாதிரிப் பேச்சுக்கெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற ஆள். போன வருடம் அப்படித்தான் சிரித்தான். நிஷாந்தினிக்கு அப்போது நாலாம் மாதம். குசினிக்குள் வந்த சாரைப்பாம்பை விறகுக்கட்டையால் அடித்துப் போட்டான். அந்த வாரமே அவளுக்குக் கரு கலைந்தது. டாக்டர் வேறு காரணம் சொன்னார். தாளில் படம் போட்டுக்கூட விளக்கினார். இருவரும் தலையாட்டிவிட்டு வந்தார்கள். வடிவம்மா பாம்பைப் பற்றி இன்றுவரை வாய் திறக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று ஜனகனுக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது.

இப்போது ஏழாம் மாதம். இந்த முறை அவன் சிரிக்கவில்லை. தாடி கழுத்தை மூடிக்கொண்டிருந்தது.

“உப்பு வேணாம்னா அதுங்களை என்னதான் செய்யிறது?” என்று நிஷாந்தினியிடம் கேட்டான். அவள் கதிரையில் சாய்ந்து, வீங்கிய கால்களை முக்காலியில் நீட்டியிருந்தாள்.

“பொறுக்கி எங்கயாவது விட்டுட்டு வாங்களேன்.”

“எங்க விடுறது? ரோட்டுல விட்டா வாகனம் ஏறும். அந்தப் பாவமும் என் தலையிலதான்.”

“வேலிக்கு அந்தப் பக்கம் காடுதானே? அங்க விடுங்க. அதுங்க பாட்டுக்குப் பிழைச்சுக்கும்.”

நல்ல யோசனையாகத்தான் இருந்தது. ஹந்தானைக்கு ஏறும் பாதையில் இருந்தது அவர்களுடைய வாடகை வீடு. பின்வேலியைத் தாண்டினால் ஒற்றையடிப் பாதை. அதில் கொஞ்சம் ஏறினால் அரசாங்கக் காடு. காட்டுக்குள் ஒரு சின்ன ஓடை. ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்த அந்த நாட்களில், பொழுது சாயும் நேரம் ஜனகன் வாளியோடு பாத்தியில் இறங்குவான். உள்ளங்கை நீளத்துக்கு, பழுப்பில் வரிவரியாகக் கூம்பு ஓடு. தொட்டால் உள்ளே இழுத்துக்கொண்டு நுரை கக்கும். வாளி நிறைந்ததும் ஓடைக்கரைக்குக் கொண்டுபோய், ஈரமான இடமாகப் பார்த்துக் கவிழ்த்துவிட்டு, “போங்க, நல்லா இருங்க” என்று ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டு வருவான்.

மேல் வீட்டுக்காரர்கள் இதைப் பார்த்தார்கள். உப்புத் தூவி மாளவில்லை என்று அவர்களும் தங்கள் நத்தைகளை ஒரு பையில் கட்டி அவனிடமே கொடுக்கத் தொடங்கினார்கள். கோயில் நந்தவனத்தில் நத்தை மொய்க்கிறது என்று பூசகர் குறைப்பட்டபோது, வடிவம்மா தானாகவே முந்திக்கொண்டாள்.

“எங்க மாப்பிள்ளை வந்து எடுத்துட்டுப் போவாரு சாமி. ஒண்ணையும் நசுக்க மாட்டாரு.”

அந்தப் பெருமையைக் கேட்கும்போது ஜனகனுக்கும் மனதில் ஏதோ ஒரு கணக்கு நேராவது போல இருந்தது. ஒரு பாம்புக்கு எத்தனை வாளி நத்தை என்று யாரிடம் கேட்பது?

“என்ன ஜனகன், தாடி எங்கட லெப்பையையும் தாண்டிப் போவுதே? பள்ளிவாசலுக்குத் தொழ வாற யோசனை ஏதும் ஈக்கா?”

கேட்டது மக்கீன். சபையில் அடுத்த மேசை, வயதில் மூத்தவர். தேநீர் நேரத்தில் அவருக்கு யாராவது ஒருவர் அகப்பட வேண்டும்.

“இன்னும் ரெண்டு மாசம், நானா. பிள்ளை பிறந்ததும் நேரா சலூன்தான்.”

“நல்லபடி பொறக்கட்டும். அதுக்கு முந்தி இந்தச் சனிக்கிழமை உங்கட வீட்டுப் பக்கம் சிரமதானம் ஈக்கி. காட்டுக் கந்தோர்ல இருந்து ஆள் கேட்டிருக்காங்க. நத்தை பொறுக்கவாம்.”

“நத்தையா?”

“அந்தப் பெரிய ஆப்பிரிக்க நத்தை. போன வருஷம் அந்தக் காட்டுல மருந்துக்கும் இல்லியாம். இப்ப ஓடைக்கரை முழுக்க அதுதானாம். எவனோ ஒரு மடையன் கொண்டுபோய்க் கொட்டியிருக்கான்.”

ஜனகன் தேநீரைச் சட்டையில் ஊற்றிக்கொண்டான்.

“சூடா? பாத்துக் குடிங்க,” என்றார் மக்கீன்.

சனிக்கிழமை காலை மழை இல்லை. ஓடைக்கரையில் இருபது பேர்வரை நின்றார்கள். வன இலாகா அதிகாரி நிரோஷா ஒரு கல்லின்மேல் ஏறி நின்று பேசினாள். ஊர் வவுனியா, வேலை மாற்றலாகிக் கண்டிக்கு வந்தவள்.

“எல்லாரும் கையுறை போடுங்கோ. நீட்டு ஓடு, கூம்பு மாதிரி, அதை மட்டும் எடுங்கோ. கல்லுக்குக் கீழ, சருகுக்குக் கீழ சவ்வரிசி மாதிரி முட்டை கிடந்தா அதையும் விடாதேங்கோ. உருண்டை ஓடு, வாய் விளிம்பு இளஞ்சிவப்பா இருக்கிறதைத் தொடக்கூடாது. அது இந்தக் காட்டு நத்தை.”

“நத்தையிலயும் வந்தவன், இருந்தவன் கதை வந்திட்டுதா மிஸ்?” என்றார் மக்கீன். நாலு பேர் சிரித்தார்கள்.

நிரோஷாவும் சிரித்தாள். “வந்ததில பிழை இல்லை ஐயா. நத்தை தானா கடல் தாண்டி வரேல்லை. ஆரோ கொண்டுவந்தினம், இங்கயும் ஆரோ கொண்டுவந்து கொட்டியிருக்கினம். கொட்டினவை திரும்பி வந்து பாக்கிறதில்லை, அதுதான் பிழை.”

ஜனகன் குனிந்து பொறுக்கத் தொடங்கினான். தேடவே வேண்டியிருக்கவில்லை. தான் வாளி கவிழ்த்த இடங்கள் அவனுக்குத் தெரியும். ஆனால் அவன் கவிழ்த்த இடங்களோடு அவை நிற்கவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம், மேட்டில், விழுந்த மரத்தின் அடியில், எங்கு கையை விட்டாலும் இருந்தன. முளைத்து நின்ற கன்றுகளில் தண்டு மட்டும்தான் மிச்சம். ஒரு கல்லைப் புரட்டினான். ஒரு கை நிறைய முட்டை.

“இஞ்ச வந்து பாருங்கோ,” என்று நிரோஷா அவனைக் கூப்பிட்டாள்.

ஒரு மரத்தண்டில், முகத்துக்கு நேராக, உருண்டையான நத்தை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. தேன் நிற ஓடு. விளிம்பு மட்டும் வெற்றிலை போட்ட உதடுபோல. அவசரமே இல்லாமல் ஒரு கொம்பை நீட்டியது, பிறகு மற்றதை.

“அழகா இருக்கே மிஸ்.”

“ஓம். இது ஒரு தடவைக்கு நாலைஞ்சு முட்டைதான் இடும். ஆனா பெரிய முட்டை, குருவி முட்டை மாதிரி. பொரிக்கவும் கன நாள் செல்லும்.”

“மற்றது?”

“அது நூற்றுக்கணக்கில. ஈரமான இடம் முழுக்க அதே பிடிச்சிட்டா, இது முட்டையை எங்க கொண்டுபோய் வைக்கிறது?”

“இந்தக் காட்டுல வேற பக்கம் இருக்கும்தானே?”

“தேடிப் பாத்தனான். இந்த ஓடைக்கரை மரங்களிலதான் கண்டனான். அங்கால இதுவரைக்கும் ஒண்டும் காணேல்லை.”

நாலைந்து முட்டை. ஜனகன் அந்த நத்தையையே பார்த்துக்கொண்டு நின்றான். வீட்டில் நிஷாந்தினி இந்நேரம் இடப்பக்கம் ஒருக்களித்து, வயிற்றில் கை வைத்து, உதைக்கிறதா என்று பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள்.

பாதையோரம் ஒரு பெரிய டிரம்மில் உப்புத் தண்ணீர் கரைத்து வைத்திருந்தார்கள். ஒவ்வொருவராக வந்து பையைக் கவிழ்த்தார்கள். ஜனகனின் முறை வந்தது. பை கனத்தது. கவிழ்க்கக் கை வரவில்லை.

“போடுங்க, ஏன் நிக்கிறீங்க?” என்றார் பின்னால் நின்ற மக்கீன். “உப்புக்குப் பயமா?”

“நீங்க போட்டுடுங்க நானா.”

“கையில ஏதும் காயமா?”

“இல்ல. வீட்டுல ஏழு மாசம்.”

மக்கீனுக்குப் போன வருடத்துச் சங்கதி தெரியும். பகிடி ஏதும் சொல்லாமல் பையை வாங்கி அவரே கவிழ்த்தார்.

எல்லோரும் கலைந்த பிறகு ஜனகன் நிரோஷாவிடம் போனான்.

“மிஸ், அந்தக் கொட்டின ஆள் நான்தான்.”

அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கை பாதியில் நின்றது. “நீங்களா? ஏன்?”

சொன்னான். உப்பு, கர்ப்பம், கோயில் நந்தவனம் எல்லாம் சொன்னான். பாம்பை மட்டும் விட்டுவிட்டான்; பிறகு அதையும் சொன்னான்.

நிரோஷா திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் பெருமூச்சு விட்டாள். “எங்கெங்க கொட்டினீங்கள்? ஒவ்வொரு இடமாக் காட்டுங்கோ.” நடந்து காட்டினான். கடைசி இடத்தில் அவள் நின்றாள். “இண்டைக்கு எடுத்தது கால்வாசிதான் இருக்கும். மழை முடியும்வரைக்கும் காலமையில எடுத்துக்கொண்டே இருக்கவேணும். எனக்கு அவ்வளவு ஆள் இல்லை.”

“நான் எடுக்கிறேன் மிஸ்.”

“எடுத்து?”

ஜனகன் சருகிலிருந்து இன்னொரு நத்தையைப் பொறுக்கினான்.

“திரும்பவும் எங்கயும் விட ஏலாது. வச்சுக்கொண்டிருந்தா வாளிக்குள்ளயே முட்டை இடும். சாகடிக்கத்தான் வேணும். உங்களால ஏலாட்டிச் சொல்லுங்கோ, நான் வேற வழி பாக்கிறன்.”

“யோசிச்சுச் சொல்றேன்.”

மத்தியானம் சோற்றில் கையை வைத்தபடி எல்லாவற்றையும் நிஷாந்தினியிடம் சொன்னான். வடிவம்மா குசினியில் இருந்தாள். பாத்திரச் சத்தம் கேட்கவில்லை.

“காட்டுல விடச் சொன்னது நான்தானே,” என்றாள் நிஷாந்தினி.

“கொண்டுபோனது நான்தானே.”

“நீங்க உப்புப் போடுங்க. டாக்டர் சொன்னதை நம்பினோம்தானே?”

“நீ நம்புறியா?”

“பகல்ல நம்புறேன்.”

“நானும் அப்படித்தான்.”

வடிவம்மா ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி வந்து, வாசற்கதவில் சாய்ந்து நின்றாள்.

“பாம்பை அடிச்சதாலதான் அப்படி ஆச்சுன்னு நான் ஒருநாளும் சொன்னதில்ல, மாப்பிள்ளை.”

வீட்டில் அந்தச் சொல் முதல் தடவையாக விழுந்தது. நிஷாந்தினி தாயை நிமிர்ந்து பார்த்தாள்.

“சொன்னதில்ல, அத்தை.”

“நெனச்சேன். சொல்லல. இப்பவும் நெனைக்கிறியான்னு கேட்டா எனக்கே தெரியல. என் பயம் எனக்கு.” தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். “அந்த மரத்து நத்தை நாலு முட்டைதான் போடும்னீங்களே, நெசமா?”

“நாலைஞ்சுன்னு சொன்னாங்க.”

“அதுவும் சுணங்கித்தான் பொரிக்குமா?”

“ஆமா.”

வடிவம்மா மகளின் வயிற்றைப் பார்த்தாள். பிறகு வெளியே பார்த்தாள். மழை மறுபடி தூறத் தொடங்கியிருந்தது.

“புருஷன் கொல்லக்கூடாது. அதுதானே பேச்சு?”

“ஆமா.”

“மாமியா கொல்லக்கூடாதுன்னு யாரும் சொல்லல.”

“அம்மா!” என்றாள் நிஷாந்தினி.

“என்ன அம்மா? துள்ளுற மீனைத் தேய்ச்சு ஆஞ்சு குடுத்தப்ப இந்த வீட்டுல யாராவது வேணாம்னீங்களா? கொழம்பு நல்லாருக்குன்னுதானே சொன்னீங்க? எனக்குப் புருஷனும் இல்ல, வயித்துல பிள்ளையும் இல்ல. மாப்பிள்ளை, நீங்க பொறுக்கிக் கொண்டு வாங்க. உப்பு என் கையில இருக்கட்டும்.”

“உங்களுக்கு மனசு கேக்குமா, அத்தை?”

“கேக்காது. அதுக்கு என்ன செய்ய?”

அடுத்த நாள் விடிந்ததும் ஜனகன், தானே எடுப்பதாக நிரோஷாவுக்குத் தகவல் சொல்லிவிட்டு, ஓடைக்கரைக்குப் போனான். கோயிலுக்கும் மேல் வீட்டுக்கும், இனி நத்தையை அவரவரே உப்பில் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினான். ஏன் என்றும் சொன்னான். பூசகருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

வடிவம்மா பழைய பெயின்ட் வாளியில் உப்பைக் கரைத்து, பின்வாசலில் காத்திருந்தாள். முதல் நாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு கவிழ்த்தாள். மூன்றாம் நாளிலிருந்து, கவிழ்ப்பதற்கு முன் கையுறை மாட்டி ஒவ்வொன்றாகக் கிளறிப் பார்த்தாள்.

“மரத்துக்காரன் யாரும் தவறி வந்துடலயே? நல்லாப் பாத்தீங்களா?”

“பாத்தேன், அத்தை.”

“இன்னொருக்காப் பாக்குறேன். உங்க கண்ணை நம்பித்தானே இந்தக் கூத்தெல்லாம்.”

மழை நின்ற ஒரு காலையில் அவன் கொண்டுவந்த பை முன்பைவிடத் தொய்ந்திருந்தது. வடிவம்மா உப்பை எடுக்கவில்லை. தலை குளித்து, ஈரக் கூந்தலை முடிந்திருந்தாள்.

“இன்னிக்கு வெள்ளிக்கிழமை, மாப்பிள்ளை. நம்மால கொல்ல முடியாது. மூடி போட்டு வைங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்.”

“வெள்ளிக்கிழமையால தப்பிச்சிட்டுதுங்க,” என்று உள்ளேயிருந்து நிஷாந்தினி சிரித்தாள்.

ஜனகன் நத்தைகளை வாளியில் போட்டு மூடி, மேலே ஒரு கல்லை வைத்தான். “எங்க தப்பிக்கிறது?” என்றாள் வடிவம்மா. “அந்தக் கல் போதாது மாப்பிள்ளை, பெரிசாப் பாத்து ஒண்ணு வைங்க.”