துணைக்கு வருபவர்

நான் கட்டிங் மாஸ்டர். முப்பது வருஷமாகத் துணியில் சாக்பீஸால் நேர்கோடு போட்டே வயிறு வளர்த்தவன். போன வருஷம் அந்தக் கோடு வளைய ஆரம்பித்தது. வலது கண்ணால் பார்த்தால் இஞ்ச் டேப்பே நடுவில் தொய்ந்து கிடந்தது. ஒரு பேன்ட்டைக் கோணலாக வெட்டித் தொலைத்தேன். "மாஸ்டர், கண்ணை எங்க வெச்சிருந்தீங்க?" என்றார் முதலாளி. நியாயமான கேள்விதான். இன்னொரு துணி பாழானால் கத்தரியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்.

விழித்திரைக்கு அடியில் நீர் கோத்திருக்கிறது, நாள்பட்டது, தானாக வற்றாது என்றார் டாக்டரம்மா.

"ரெண்டு வழி இருக்கு. லேசர்னா பத்து நிமிஷம், முடிஞ்சதும் வீட்டுக்குப் போயிடலாம். ஆனா கொஞ்ச பேருக்குத்தான் நீர் வத்தும். இன்னொன்னு ஒளி சிகிச்சை. கையில மருந்து ஏத்திட்டு, கண்ணுல ஒளியைப் பாய்ச்சுவோம். உங்களுக்கு அதுதான் நல்லது. ரெண்டு நாளைக்கு உடம்புல வெயில் படக்கூடாது. கூட ஒரு ஆள் வந்தே ஆகணும்."

"அதுக்கென்ன, வருவாங்க" என்றேன். வாய்க்கு என்ன, எதையும் சொல்லும்.

படிவத்தில் 'துணைக்கு வருபவர்' என்று ஒரு கட்டம். கண் நோயாளி நிரப்ப வேண்டிய காகிதத்தை எறும்பு எழுத்தில் அச்சடித்த புண்ணியவானைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மனைவி இறந்து ஆறு வருஷம். பிள்ளை இல்லை. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றே ஒன்று, என் தங்கையுடையது. அவள் மகள் கல்யாணத்துக்கு நேரில் வந்து கூப்பிடவில்லை என்று நான் போகவில்லை. வெறும் வீம்பு. நாலு வருஷமாகப் பேச்சில்லை. அவள் நம்பரையே எழுதினேன். அவளிடம் கேட்க வாய் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டால் பதறிக்கொண்டு வந்துவிடுவாள் என்று ஒரு நப்பாசை.

குறித்த நாளில் முழுக்கைச் சட்டையும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகப் போனேன். வீட்டு ஜன்னல்களுக்குக் கறுப்பு லைனிங் துணியில் திரை தைத்து மாட்டியிருந்தேன். இரண்டு டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் என் பையை வைத்து அவளுக்கு இடம் பிடித்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தேன்.

பத்தரை மணிக்கு நர்ஸ் வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் படிவத்தையே பார்த்துப் பேசினாள்.

"ஐயா, நீங்க குடுத்த நம்பருக்குப் பேசினேன். உங்க பேரைச் சொன்னேன். அப்படி யாரையும் தெரியாதுன்னுட்டாங்க. ராங் நம்பராம்."

"யாரும்மா பேசினது?"

"ஒரு அம்மா. உங்க பேரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாங்க. அப்புறம்தான் சொன்னாங்க."

அந்த நம்பரைத் தூக்கத்தில் கேட்டாலும் நான் சரியாகச் சொல்வேன். ஆனாலும் என் தங்கையை ஊரார் ஒரு சொல் குறைவாகப் பேசிவிடக் கூடாது.

"நான்தாம்மா தப்பா எழுதியிருப்பேன். கண்ணு சரியில்லல்ல."

"அப்ப லேசரே பண்ணிடலாமாய்யா? அதுக்கு யாரும் வேண்டாம்."

பக்கத்து நாற்காலியிலிருந்து பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"பண்ணிடுங்க" என்றேன்.