மூக்கு கழுவாத பசு

மணிமுத்தாறு பக்கம் மாரித்தாயின் பசுவுக்குச் சினை கலைந்துவிட்டது. காய்ச்சல், மூக்கில் புண், ஒழுகல். “தொத்து வியாதி, தள்ளிவிடுங்க” என்று ஊரார் சொல்ல, அவள் புருஷன் முத்துமாலை அடிமாட்டு வியாபாரிக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த சந்தைக்கு முன் லாரி வரும்.

நான் விஜயஸ்ரீ, திருநெல்வேலியில் கால்நடை ஆய்வுக்கூடத்து வைரஸ் பிரிவு. பிரிவு என்றால் நானும் ஒரு குளிர்ப்பெட்டியும்தான். மூக்கைப் பார்த்ததுமே ஹெர்பிஸ் இனம் என்று தோன்றியது. தோன்றியதையெல்லாம் எழுத முடியுமா? வைரஸை வளர்த்துக் காட்ட வேண்டும். இரண்டு முறை மூக்குச்சளி எடுத்து வந்தேன். ஒன்றும் வளரவில்லை.

“காரணம் தெரியலைன்னு எழுதி அனுப்பிருங்கம்மா,” என்றார் மேலதிகாரி பாலசுப்பிரமணியன்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காரணம் தெரியாத மாட்டை எவன் வைத்துக்கொள்வான்? மூன்றாவது முறை சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன்.

மாரித்தாய் பதறிவிட்டாள். “சொல்லிட்டு வரக்கூடாதாம்மா? வேப்பிலத் தண்ணியில மூக்கைக் கழுவி, நெத்தியில மஞ்சப் பூசிருப்பேன்லா. டாக்டரம்மா கை வைக்கிய எடம்லா!”

தலையில் அடித்துக்கொண்டேன். முந்தின இரண்டு முறையும் நெற்றி மஞ்சளைப் பார்த்தேனே தவிர, மூக்குக்குள்ளும் துணிவிட்டு வைரஸோடு சேர்த்துத் துடைத்திருப்பாள் என்று யார் கண்டது? மரியாதை செய்தே என்னை மண்ணைக் கவ்வ வைத்திருக்கிறாள்.

கழுவாத மூக்கிலிருந்து எடுத்த சளியை ஐஸ் பெட்டியில் வைத்து, பஸ்ஸில் மடியைவிட்டு இறக்காமல் கொண்டுவந்தேன். வைரஸ் வளர்க்கவென்று ஆய்வுக்கூடத்துக் குப்பியில் வைத்திருந்த கன்றுச் சிறுநீரகச் செல்களில் அதை விட்டேன்; மூன்றாம் நாள் அவை உருண்டு திராட்சைக் கொத்தாகத் திரண்டன, வைரஸ் வளர்ந்துவிட்டது. மாட்டு ஹெர்பிஸில் பங்காளிகள் பலர். காம்பில் புண் வைப்பது ஒன்று, மூக்கைப் பிடித்துச் சினையைக் கலைப்பது ஒன்று. ஒவ்வொன்றையும் மட்டும் அடக்கக்கூடிய எதிர்ப்புச் சீரத்தை, அதாவது ரத்தநீரை, தனித்தனியாகச் சேர்த்துப் பார்த்தேன். சினையைக் கலைக்கும் வகைக்கான சீரம்தான் அதை அடக்கியது. ஆளில்லாத அறையில் நானே கைதட்டிக்கொண்டேன்.

ஊருக்கு ஓடினேன். லாரி வந்து நின்றிருந்தது.

“பேரு தெரிஞ்சுபோச்சு. பசு பொழைச்சுக்கும், திரும்பச் சினை பிடிக்கும்,” என்றேன். மறைக்கவும் மனமில்லை. “ஆனா கிருமி உடம்பை விட்டுப் போகாது. நரம்புல ஒளிஞ்சு கெடக்கும். அலைச்சல், பட்டினின்னா தலைதூக்கும். அப்போ மத்த மாட்டோட சேர்க்காதீங்க.”

“சாகுறவரை உள்ளயே கெடக்குமா? அப்போ வித்துரலாம்லா,” என்றார் முத்துமாலை.

மாரித்தாய் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள். “இவரு கோவமும் அப்படித்தாம்மா. உள்ளயே கெடக்கும், பசிச்சா தலைதூக்கும். இவரை வித்தா போட்டேன்?”

லாரி காலியாகத் திரும்பிப் போனது.