தேசிக்காய் எந்தச் சில்லுக்கு?

1.
இந்தக் கதை ஒரு நாரிப்பிடிப்பில், இடுப்பு வலியில், தொடங்கியது. குணவதியின் நாரி. கனடாவின் மார்க்கம் நகரில் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடம் கொங்கிறீற்றில் நின்று பாண் அடுக்கிய நாரி. அதை விட்டுவிட்டு உல்லாசப் பயணக் கதை எழுத எனக்கு வராது.

(முதல் வரி வேறாக இருந்தது: "ஒன்ராறியோ ஏரியின்மேல் இளவெயில் மெல்ல..." அங்கேயே நிறுத்திவிட்டேன். ஏரி பார்க்க அவளுக்கு எங்கே நேரம்?)

2.
பிரச்சினை இதுதான். லொறி ஓடி ஓய்வுபெற்ற கணவர் மகேஸ்வரனுக்கு, ஊர் சுற்ற, பிக்கப்பின் பின்னால் கொழுவி இழுக்கிற, உள்ளே படுக்க வசதியுள்ள ட்ரெயிலர் வேண்டும். குணவதிக்கு, எஞ்சினும் கட்டிலும் ஒரே கூட்டுக்குள் இருக்கிற மோட்டார்ஹோம்.

"உதிலை எஞ்சின் பழுதானால் வீடே திருத்துற கராச்சிலை நிக்கும்."

"ட்ரெயிலர் எண்டால் ஸ்டியரிங்கை என்னட்டைத் தரமாட்டியள். மோட்டார்ஹோமை நானும் ஓடுவன்."

"நீரோ? பஸ் மாதிரியப்பா அது!"

"பஸ்ஸையும் மனுசர்தானே ஓடினம்?"

3.
நண்பர் அன்புராசா தன் ட்ரெயிலரை ஒரு கிழமைக்குக் கொடுத்தார். பிடித்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். மகேஸ்வரன் மனைவியையும் ஏற்றிக்கொண்டு அதை நேரே றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் இழுத்துப்போனார். புது வாகனத்துக்குச் செய்வதுபோலச் சந்தனம் பூசிய ஐயர், சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைக்கும் நேரம் தயங்கினார்.

"எது புதுசு? இழுக்கிறதோ, இழுபடுறதோ?"

"இழுபடுறதுக்கு வையுங்கோ ஐயா." மகேஸ்வரன் சட்டைப்பையிலிருந்து நாலு தேசிக்காயை எடுத்து நீட்டினார்.

வண்டி நகர்ந்தது. நாலும் நசிந்தன.

"பூசை போட்டாச்சு குணம். இனித் திருப்பிக் குடுத்தால் சரியில்லை."

[இந்த மனிதரை நம்பலாமா? லொறி மாற்றிய போதெல்லாம் பூசை போட்டவர், பழக்கத்தில் செய்துவிட்டார் என்றுதான் முதலில் எழுதினேன். பிறகு அந்தச் சட்டைப்பையை யோசித்தேன். வேண்டுமென்றே செய்தார். இதில் எனக்குச் சந்தேகமில்லை.]

4.
முடிவு ஒன்று: குணவதி சிரித்துக்கொண்டு ஏறுகிறாள். ஏறமாட்டாள். வெட்டியாயிற்று.

முடிவு இரண்டு: மகேஸ்வரன் மனம் மாறி... கார்த் தரிப்பிடத்தில் ஆர் மனம் மாறினது? அதுவும் வேண்டாம்.

எழுத முடிந்தது இவ்வளவுதான். குணவதி பிக்கப்பின் சாவிக்குக் கையை நீட்டினாள்.

"திறப்பைத் தாங்கோ."

"ட்ரெயிலரோடையோ? விசரே உமக்கு?"

"தொண்ணூற்றெட்டிலை நீங்கள் லொறி லைசென்ஸ் எடுக்க, ஆறு மாசம் நான் ரெண்டு வேலை செய்தன். பிறகு நான் ஸ்கூல் பஸ் லைசென்ஸ் எடுக்க, நீங்கள் வீட்டிலை நிண்டு பிள்ளையளைப் பாக்கிறன் எண்டனீங்கள். நிண்டனீங்களோ? பஸ் போச்சு, பாண்தான் எனக்கு மிச்சம்."

மகேஸ்வரன் திறப்பை விரல்களுக்குள் உருட்டினார். ஐயர் மெல்ல உள்ளே போய்விட்டார்.

திறப்பு கை மாறியதா என்று நான் எழுதப்போவதில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ட்ரெயிலரோ மோட்டார்ஹோமோ, உங்கள் விருப்பம். ஒன்றை மட்டும் அழிக்க வேண்டாம்: மகேஸ்வரன் குணவதிக்கு இன்னும் ஆறு மாதம் கடன்.