பேட்டி எடுத்த லட்சணம்

தொலைக்காட்சியில் வாராவாரம் தொழில்நுட்ப நிகழ்ச்சி நடத்துகிறவள் நான். கேமரா முன்னால் பேசினால் தேன் ஒழுகும். ஒப்பனை அறையில் பேசினால் காது கூசும். இந்த இரண்டாவது சங்கதி ஸ்டுடியோ சுவருக்குள்ளேயே பத்திரமாக இருந்தது. அக்கா மகள் வந்து கெடுத்தாள்.

அவள் கல்லூரியில் வீடியோ எடுக்கும் படிப்பு படிக்கிறாள். அவள் அப்பாவுக்கு, அதாவது என் அத்தானுக்கு, அதில் துளியும் இஷ்டமில்லை. "இந்தத் தடவை உருப்படியா ஒரு படம் எடுத்துக் காட்டட்டும். இல்லேன்னா பேசாம கணக்குப் படிப்புக்கு மாறட்டும்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். கணக்கு என்றாலே அவளுக்கு ஆகாது. "சித்தி, உங்களப் பத்தியே படம் எடுக்கறேனே" என்று வந்து நின்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

இருப்பதிலேயே நல்ல உடையை உடுத்திக்கொண்டு ஸ்டுடியோ ஒப்பனை அறையில் உட்கார்ந்தேன். அவளும், எல்லாரும் சுருட்டை என்று கூப்பிடும் அவள் தோழியும் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தினார்கள். அவள் கேள்வி கேட்பாள், சுருட்டை பொத்தானை அழுத்துவாள், நான் பொழிந்து தள்ளுவேன். பதில் முடிந்ததும் சுருட்டை "கட்" சொல்லி மறுபடி அழுத்துவாள். நடுநடுவே என் நிகழ்ச்சி வேலையும் நடந்தது. அவ்வளவு அழகாக என் வாழ்நாளில் நான் பேசியதில்லை.

சாயங்காலம் அக்கா வீட்டில் போட்டுப் பார்த்தால், என் பேட்டி ஒரு வரிகூட இல்லை!

நடைவழியில் தூக்கி வரும்போதே கேமரா ஓடிக்கொண்டு வந்திருக்கிறது. சுருட்டை "ஸ்டார்ட்" என்று அழுத்தினாளே, அதில் நின்றுபோயிற்று. அதற்கப்புறம் எல்லாம் தலைகீழ். நான் பதில் சொன்னபோது கேமரா தூங்கியது. "கட்" சொன்ன பிறகு விழித்துக்கொண்டது.

அப்படி விழித்திருந்து எதைப் பிடித்தது? தலை முழுக்கக் கிளிப்போடு, நான் படிக்கவேண்டிய வரிகளைத் திரையில் ஓட்டுகிறவரைப் பார்த்துக் கத்துகிறேன்: "எழுத்து ஓடணும்யா, ஊருது! கண்ணு சொருகிடுச்சா?" வாயைப் பிளந்து கொட்டாவி விடுகிறேன். பேனாவால் முதுகு சொறிகிறேன். மறுநாளே கல்லூரியில் திரையிடல். மறுபடி எடுக்கலாமென்றால், ஸ்டுடியோவைச் சமையல் நிகழ்ச்சிக்குக் கொடுத்தாயிற்று.

"சித்தி, இத வச்சே கோத்துடலாமா?"

"ஏன்டி, என் மானத்த வாங்கவா உங்கம்மா உன்னப் பெத்தா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, அப்பா சொன்னதே நடக்கட்டும்" என்று கணினியை மூடப் போனாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

"சரி, கோத்துத் தொலை. முதுகு சொறியறத மட்டும் வெட்டிடு."

"அதுலதான் சித்தி வெளிச்சம் நல்லா விழுந்திருக்கு."

திரையிடலில் நான் கத்தியதும் அரங்கமே குலுங்கிச் சிரித்தது. கொட்டாவிக்கு யாரோ விசிலடித்தார்கள். நான் நாற்காலியில் இடுப்பு வரை சரிந்துவிட்டேன். முன்வரிசையில் அத்தான் மட்டும் உம்மென்று உட்கார்ந்திருந்தார். போச்சு, பெண்ணின் படிப்பு என்னால் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

திரையில் இப்போது ஒப்பனைக்காரி. போன் ஸ்பீக்கரோடு சேரவில்லை என்று புலம்புகிறாள். நான் இரண்டு சீப்பை எடுத்து நீட்டுகிறேன்.

"இது உன் போன், இது ஸ்பீக்கர். ஒருதரம் சம்பந்தம் பேசி முடிச்சுட்டா, அப்புறம் பக்கத்துல வந்தாலே ஒட்டிக்கும்."

"என்னோடது ஒட்ட மாட்டேங்குதே?"

"எப்படி ஒட்டும்? அது இன்னும் உன் புருஷன் போனோட குடித்தனம் நடத்துது. முதல்ல அத வெட்டிவிடு!"

விளக்கு போட்டதும் அத்தான் நேராக என்னிடம் வந்தார்.

"ஏம்மா, இத்தன வருஷமா உன் நிகழ்ச்சிய விடாம பாக்கறேன். ஒண்ணுமே விளங்கினதில்ல. என் மரமண்டைதான் காரணம்னு நெனச்சிட்டிருந்தேன். இன்னைக்குத்தான் தெரியுது, தப்பு உன் பேர்ல."

எனக்குச் சுருக்கென்றது. அதற்குள் அவர் மகள் பக்கம் திரும்பிவிட்டார்.

"நம்ம வீட்டு டிவி ரிமோட்டு எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது. அடுத்த படம் அதப் பத்தி எடு. சித்தி இதே மாதிரி பேசட்டும்."

"அப்பா, அப்ப கணக்கு?"

"கணக்கா? அதெல்லாம் உங்கம்மா பாத்துப்பா."

அவள் அங்கேயே என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் அத்தானைத் திட்டக்கூட மறந்துபோனேன்.