முனிக்கு வைத்த சோறு

மானிய அதிகாரி வரும் நாள் என்று தெரிந்தும், தாயம்மா அந்த ஒரு மரத்தை மட்டும் கொல்ல மருந்து பூச விடவில்லை. சன்னாசி பட்டையை வளையமாகச் செதுக்கிவிட்டு, மருந்து டின்னோடு மரத்தடியில் நின்றான்.

மலாயாவில் கோலா பிலா பக்கத்தில் புருஷன் பெண்டாட்டி இருவரும் பாடுபட்டு வாங்கிய சின்னத் தோட்டம் அது. மற்ற கிழட்டு ரப்பர் மரங்கள் மருந்து குடித்து மொட்டையாக நின்றன. நடுவே புது ரப்பர் கன்றுகள். பழைய மரம் ஒன்று உயிரோடு இருந்தாலும் மறுநடவு மானியம் கிடையாது. அது கிடைக்காவிட்டால், கன்று பால் கொடுக்கும்வரை வயிற்றுக்கு வழியில்லை. நிலத்தை விற்றுவிட்டு மறுபடி எஸ்டேட் லயத்துக்கே கூலியாகப் போக வேண்டும்.

“முனி குடியிருக்கிற மரம். சோறு போட்டு, வேற எடம் பாத்துக்க சாமின்னு சொல்லாம யாராச்சும் கொல்லுவாங்களா?”

“சோத்துக்கு எங்க போவ? போலீஸ் கேட்டத் தாண்டி ஒரு பருக்கை வருமா?”

அவள் குனிந்தாள். கன்றுக்கு உரமாகக் கொண்டுவந்த சாணி வாளிக்குள் கையைவிட்டு, வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்தாள். சோறு. சன்னாசி பாதையைத் திரும்பிப் பார்த்தான். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட்காரர்களுக்கு அரிசி போகக் கூடாதென்று குடியிருப்பின் கம்பிவேலிக் கேட்டில் எல்லோரையும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுகிறார்கள். சாணிக்குள் எந்தப் போலீஸ்காரன் கைவிடுவான்? பிடிபட்டிருந்தால் விசாரணையே இல்லாமல் உள்ளே தள்ளியிருப்பார்கள். மானியமும் போயிருக்கும்.

அவள் இலையை விரித்துச் சூடம் ஏற்றினாள். அப்போதுதான் மேட்டில் ஜீப் வந்து நின்றது.

அதிகாரி ராமகிருஷ்ணன் முன்னால் வந்தார். பின்னால் துப்பாக்கியோடு ஒரு மலாய் போலீஸ் சார்ஜன். சோற்றை மறைக்க நேரமில்லை. சன்னாசி டின்னைச் சாய்த்தான். மரத்தைக் கொல்லும் மருந்து வெள்ளைச் சோற்றில் இறங்கியது. சூடம் அணைந்தது. தாயம்மா இலையை நோக்கி நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

“யாருக்கு இந்தச் சோறு?” என்று மலாயில் கேட்டான் சார்ஜன்.

“லண்டாக், துவான். முள்ளம்பன்றி, ஐயா. கன்றையெல்லாம் கடித்துப் போடுகிறது. அதற்கு வைக்கிற விஷம்.” சன்னாசியும் மலாயில்தான் சொன்னான்.

சார்ஜன் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். தூரத்தில் ஒரு காட்டுக்கோழி கூவி ஓய்ந்தது. கருகிய சூடத்தின் மேல் ராமகிருஷ்ணன் மெதுவாகச் செருப்பை வைத்தார்.

“இந்தப் பக்கம் முள்ளம்பன்றி ஜாஸ்திதான்,” என்றார்.

“அப்படியானால் வை. நான் பார்க்கிறேன்,” என்றான் சார்ஜன்.

சன்னாசி இலையைத் தூக்கினான். கன்று கன்றாகப் போய்ச் சோற்றைக் குச்சியால் தள்ளினான். கடைசிப் பருக்கை விழும்வரை சார்ஜன் நகரவில்லை. தாயம்மாவும்தான். திரும்பி வந்து, டின்னில் மிஞ்சியதை முனி மரத்தின் வளையத்தில் பூசினான். 

ராமகிருஷ்ணன் மானியத் தாளில் கையெழுத்துப் போட்டார். “அடுத்த தடவை வரும்போது இந்த மரமும் பட்டுப்போயிருக்கணும். அதுக்கப்புறம்தான் பணம் கைக்கு வரும்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லிவைங்க. ஒவ்வொரு தடவையும் நானே வருவேன்னு சொல்ல முடியாது,” என்றார்.

ஜீப் போய்விட்டது. 

“தாயம்மா.”

அவள் வாளியை ஓடைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள்.

“போகச் சொல்றதுக்கு முன்னாடியே வெஷத்தை வச்சிட்டீங்க,” என்றாள். “முனி இன்னும் மரத்துலதான் இருக்கு.”

“மரம் எப்படியும் செத்துரும் புள்ள.”

“சாகறதுக்குள்ள சொல்லணும். நாளைக்கும் சாணி எடுத்துட்டு வருவேன்.”

வேண்டாம் என்று சொல்ல சன்னாசி வாயெடுத்தான். கன்றுகளுக்கு அடியில் சோறு வெள்ளையாகக் கிடந்தது. சொல்ல வந்ததை விட்டு, அவள் கையிலிருந்த வாளியை வாங்கி அவனே அலசத் தொடங்கினான்.